ஏழு சுரம் பொது. 'இளைய நிலா'வும் பொதுவா?

ஒரு பாட்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பேச்சு கோவை பேக்கரி ஒன்றில் எழுந்தால், இரண்டாவது டீ வருவதற்குள் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்: "ஏழு சுரந்தானுங்க இருக்குது, எத்தனை பாட்டுத்தான் புதுசாப் போடுறது?" ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் கிட்டார் வாத்தியார்களும் தீவிர ரசிகர்களும் ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு இது. துணைக்குச் சில வாதங்களும் வரும். கிட்டார் கற்ற எவரும் இன்னொருவரைக் கேட்டுத்தான் கற்றார். விரலில் ஏறியது என்றைக்காவது வெளியே வரத்தான் செய்யும். அதற்குப் பெயர் பாதிப்பு, திருட்டு இல்லை. நம் மெட்டை இன்னொருவர் எடுத்துப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனால் அது நமக்குப் பெருமை. சட்டமே சும்மா இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன வழக்கு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெருந்தன்மையாகக்கூட இருக்கிறது. ஆனால் இந்தப் பெருந்தன்மை எப்போதும் எடுத்தவர் பக்கமே சாய்வதைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவரைக் கூப்பிட்டு "உங்களுக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டதாக இந்த வாதத்தில் எங்கும் இல்லை.

இந்தக் கட்சியின் பேச்சில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கார்டு யாருக்கும் சொந்தமில்லை. ஏ மைனரில் தொடங்கி அடிச்சுரம் அரை அரைச் சுரமாக இறங்கும் நடை நூற்றாண்டுகளாகப் புழங்குவது. லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) பாட்டின் கிட்டார்த் தொடக்கம், ஸ்பிரிட் என்ற குழுவின் 'டாரஸ்' (1968) என்ற வாத்திய இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று 2014இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் நடுவர் குழு அதை ஏற்கவில்லை. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எட் ஷீரன் 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டிலேயே கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார். மார்வின் கேயின் பழைய பாட்டில் இருக்கும் அதே நான்கு கார்டுகள் எத்தனை பாடல்களுக்கு அடியில் ஓடுகின்றன என்று நிறுவி வென்றார். இரண்டு தீர்ப்புகளும் சரியானவை. கார்டு வரிசைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தால் நாளைக்கு எவரும் கிட்டாரைத் தொட முடியாது.

ஏழு சுரக் கட்சி இந்தத் தீர்ப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பால் தாவும்போதுதான் சிக்கல். 'ஸ்டேர்வே' வழக்கில் நடுவர் குழு 'டாரஸ்' ஒலிப்பதிவைச் சான்றாகக் கேட்கவே இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் கொடுத்து வைத்திருந்த ஒரு தாள் நோட்டேஷனுக்கு மட்டுந்தான் பாதுகாப்பு இருந்தது. தாளில் கிட்டார் கலைஞனின் விரல் ஏறாது. எந்தத் தந்தியை எப்போது விட்டுப் பிடித்தான், எங்கே தயங்கினான் என்பதெல்லாம் ஏறாது. ஆக, அந்தத் தீர்ப்பு ஒரு தாளைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு 'கிட்டாரில் எடுப்பதெல்லாம் செல்லும்' என்று சொல்வது தாவல்.

இன்னொன்றும் உண்டு. அதே லெட் செப்பலின் வேறு சில இடங்களில் பெயரைச் சேர்க்க நேர்ந்தது. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார், சமரசம் ஆனது, அவர் பெயர் பாட்டை இயற்றியோர் வரிசையில் ஏறியது. 'பேப், ஐம் கோனா லீவ் யூ' என்ற பாட்டு முதல் தொகுப்பில் 'மரபுப் பாடல்' என்று வந்தது. எழுதிய ஆன் பிரெடன் உயிரோடு இருந்தார், 1990களில்தான் அவர் பெயர் சேர்ந்தது. 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாட்டுக்கு ஜேக் ஹோம்ஸ் 2010இல் நீதிமன்றம் போனபிறகு அவர் பெயர் வந்தது. 'ஸ்டேர்வே' தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த மூன்று பெயர்களைச் சொல்லிக் கேட்டவர் அரிது.

நீதிமன்றத்துக்கே போகாத நான்காவது கணக்குதான் பாதிப்புக்கும் எடுப்புக்கும் நடுவே உள்ள கோட்டைத் தெளிவாகக் காட்டுவது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெர்ட் ஜான்ஷ், விரலால் தந்தி மீட்டும் கிட்டார் கலைஞர். 'பிளாக்வாட்டர்சைடு' என்ற நாட்டுப்புறப் பாட்டை ஆன் பிரிக்ஸ் என்ற பாடகியிடம் கற்றுக்கொண்டு, அதற்கடியில் ஓடும் ஒரு கிட்டார் வேலைப்பாட்டைத் தானே கட்டி, 1966இல் தம் 'ஜாக் ஓரியன்' தொகுப்பில் வெளியிட்டார். பாட்டு மரபுடையது, கிட்டார் ஜான்ஷுடையது. மூன்றாண்டுகள் கழித்து லெட் செப்பலினின் முதல் தொகுப்பில் 'பிளாக் மவுண்டன் சைடு' வந்தது. பாடும் குரல் போய்விட்டது, வீராம் ஜசானியின் தபலா சேர்ந்துகொண்டது, கிட்டார் வேலைப்பாடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இசை என்ற இடத்தில் ஒரே பெயர்: குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ்.

பேஜ் ஜான்ஷை மறைத்தவர் என்றும் சொல்ல முடியாது. ஜான்ஷின் வாசிப்பில் தாம் பித்தேறிக் கிடந்ததைப் பேட்டிகளில் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். பேட்டியில் புகழ், இசைத்தட்டில் மௌனம். இந்த ஏற்பாடு நம்மவர்களுக்கும் நன்றாகப் பழக்கம். "அவர் என் மானசீக குரு" என்று மேடையில் கண்கலங்குவதற்குச் செலவு எதுவும் இல்லை. மெட்டின் பக்கத்தில் பெயர் போட்டால் ராயல்டியில் பங்கு போகும். ஜான்ஷைக் கேட்டு ஆயிரம் பேர் விரலால் மீட்டக் கற்றார்களே, அது பாதிப்பு. அவர் கட்டிய ஒரு குறிப்பிட்ட வேலைப்பாடு இன்னொருவர் பெயரில் வெளிவந்தால் அது எடுப்பு. சுரங்களின் எண்ணிக்கையை வைத்து இதை அளக்க வேண்டியதில்லை. எடுத்தது ஒருவருடைய பாணியா, அவர் உட்கார்ந்து செய்துமுடித்த வேலையா என்று கேட்டால் போதும்.

இனி உள்ளூருக்கு வரலாம்.

1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. எடுத்தவர் கோவைத்தம்பி, மதர்லேண்ட் பிக்சர்ஸ். இயக்கம் ஆர். சுந்தர்ராஜன். ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட தயாரிப்பாளரின் படம் என்பதால் கொங்கு வட்டாரத்துக்கு அதன்மீது ஒரு சொந்தம் உண்டு. இளையராஜா இசையில் வைரமுத்து எழுதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'இளைய நிலா'வை அந்தப் படத்திலிருந்து பிரித்துக்கொண்டு இன்றைக்கும் ஊர் ஊராக வாசிக்கிறார்கள். அதில் கிட்டார் ஓரமாக நிற்கும் வாத்தியம் இல்லை. பாட்டின் முதுகெலும்பே அதுதான். வாசித்தவர் சந்திரசேகர். அதற்கு இரண்டாண்டு முன்பு 'மூடுபனி'யில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே'யின் கிட்டாரும் அவருடைய விரல்தான். கொங்கு நாட்டுக் கோவில் நோம்பிகளில் கச்சேரி செய்யும் ஆர்க்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார்காரருக்குத் தேர்வு வைப்பதென்றால் இந்த இரண்டு பாட்டின் பிட்டை வாசிக்கச் சொன்னால் போதும்.

1983இல் இந்தியில் 'கலாகார்' என்றொரு படம். இசை கல்யாண்ஜி–ஆனந்த்ஜி. அதில் கிஷோர் குமார் பாடிய 'நீலே நீலே அம்பர் பர்' பாட்டைத் தமிழ்க் காது கேட்டால் அடையாளம் காண அரை நிமிடம் ஆகாது. மெட்டு 'இளைய நிலா'. கிட்டாரை முன்னால் நிறுத்தும் யோசனையும் கூடவே போயிருக்கிறது. இசையமைத்தவர் என்று இளையராஜாவின் பெயர் அங்கே இல்லை. அந்தப் பாட்டு இன்று வட இந்தியாவில் கிட்டார் கையில் எடுக்கும் பிள்ளைகள் முதலில் கற்கும் பாட்டுகளில் ஒன்று. கோவையின் பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ராஞ்சி மாணவர் ஒருவர் அதைப் பழைய இந்திப் பாட்டென்று நம்பி வாசித்தால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவருக்குச் சொல்லித் தந்தவருக்கும் தெரியாது.

இங்கேதான் 'நமக்குப் பெருமைதானே' என்ற வாதம் வருகிறது. வடக்கத்தியான் நம் ராஜாவை எடுத்துக்கொண்டான் பார் என்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள். பெருமை யாருக்குத் தெரிந்தது? 1983இல் அந்தப் பாட்டை முணுமுணுத்த பாட்னாக்காரருக்கோ போபால்காரருக்கோ இளையராஜா என்ற பெயர் அதன் வழியாகப் போய்ச் சேரவில்லை. பெயர் போகாத இடத்துக்குப் பெருமை எப்படிப் போகும்? இந்தப் பெருமை தமிழ்நாட்டுக்குள்ளேயே தயாராகித் தமிழ்நாட்டுக்குள்ளேயே செலவாகும் சரக்கு.

அந்த நாளில் அப்படித்தான், பம்பாய்க்காரர்களுக்குத் தெற்கத்திப் பெயரைப் போடத் தெரியாது என்பார்கள். தெரிந்திருந்தது. அதே 1983இல் பாலு மகேந்திரா 'மூன்றாம் பிறை'யை இந்தியில் 'சத்மா'வாக எடுத்தார். 'கண்ணே கலைமானே' மெட்டு இந்திச் சொற்களோடு வந்தது. மலையாளத்தில் 'ஓளங்கள்' படத்துக்குப் போட்ட 'தும்பி வா' மெட்டு 'ஏ ஜிந்தகி கலே லகா லே' ஆனது. இசை இளையராஜா என்று போட்டிருந்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே இந்தித் திரையுலகம், இரண்டு படத்திலும் ஸ்ரீதேவிகூட இருக்கிறார். ஒன்றில் பெயர் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. இதைக் 'காலத்தின் வழக்கம்' என்று சொன்னால் அது எந்தக் காலம்?

வடக்கைத் திட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளவும் முடியாது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், கொங்கு மண்ணின் பெருமைகளில் ஒன்று. அறுபதுகளில் அந்த நிறுவனத்தின் துப்பறியும் படங்களுக்கு இசை வேதா. 1965இல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' இந்திப் படமான 'உஸ்தாதோன் கே உஸ்தாத்'தின் (1963) மறுஆக்கம். கண்ணதாசன் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'ஓராயிரம் பார்வையிலே'யைத் தமிழ் ரசிகர்கள் காதலிக்கிறார்கள், காதலிக்கத் தக்க பாட்டுதான். அதன் மெட்டு இந்திப் படத்தில் முகம்மது ரஃபி பாடிய 'சௌ பார் ஜனம் லேங்கே'. போட்டவர் ரவி. நம் வானொலி அறுபது ஆண்டாக அறிவித்துவருவது 'இசை வேதா'. ரவி யாரென்று தெரிந்த சேலத்துக்காரர் எத்தனை பேர்? 'இளைய நிலா'வுக்காகக் கொதிக்கிறவர் 'ஓராயிரம் பார்வை'க்காகக் கூசவில்லை என்றால், அவருடைய கோபம் இசைக்காக வந்ததல்ல, ஊர்ப்பற்றில் வந்தது.

வேதா திறமையற்றவர் என்பது இங்கே வாதம் அல்ல. இந்தி மெட்டைத் தமிழ்ச் சொல்லின் குறில் நெடிலுக்கு உட்கார வைப்பதும் அதற்கு வாத்தியம் அமைப்பதும் சாதாரண வேலை இல்லை. அந்த வேலைக்கு அவர் பெயர் வேண்டும். மெட்டுக்கு ரவியின் பெயரும் வேண்டும். இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவது அழிந்துவிடும் என்ற பயம் எங்கிருந்து வந்ததோ. எல்லாச் சாயலையும் இந்தப் பட்டியலில் அடைப்பதும் தவறு. 'காதலிக்க நேரமில்லை'யின் 'அனுபவம் புதுமை'யில் 'பேசாமே மூச்சோ' என்ற மெக்சிகோப் பாட்டின் சாயலைக் கேட்பவர் உண்டு. சாயல் இருக்கிறது, ஆனால் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அதை எங்கோ கொண்டுபோய் வேறொன்றாக்கிவிட்டார்கள். இணையத்தில் இரண்டு பாட்டை அடுத்தடுத்து ஒட்டி எட்டு நொடி ஒற்றுமைக்குத் 'திருடன்' பட்டம் கட்டுகிறவர்கள், ஏழு சுரக் கட்சிக்குத்தான் தீனி போடுகிறார்கள்.

'அந்தக் காலத்தில் யாரும் இதையெல்லாம் பார்க்கவில்லை' என்ற வாதத்தை உடைக்கக் கோவையை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. திருச்சி சாலையில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. நாற்பதுகளில் ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படமெடுத்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைப்பாளர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் ஜூபிடரில் எடுபிடி வேலையில் இருந்தான். ஆளில்லாத நேரத்தில் ஆர்மோனியத்தில் கைவைப்பான். 'அபிமன்யு' (1948) படத்துக்கு மெட்டு அமையாமல் நாயுடு தவித்தபோது இந்தப் பையன் வாசித்துப் பார்த்த மெட்டு அவர் காதில் விழுந்தது. 'புது வசந்தமாமே வாழ்விலே' பாட்டு அப்படி உருவானது. வெளியே சொல்லாதே என்று நாயுடு சொல்லிவிட்டார். பாட்டு அவர் பெயரில் போனது.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் ஏழு சுரக் கட்சிக்கு ஒரு சான்று கூடியிருக்கும். முடியவில்லை. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாயுடு நிறுவனத்தாரிடம் போய், என் பெயரில் வந்த மெட்டுகளில் சில இந்தப் பையனுடையவை, இவனை விட்டுவிடாமல் சென்னைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னார். அந்தப் பையன் எம்.எஸ். விஸ்வநாதன். திரையிசை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும் இந்தச் செய்தியை நம் ஆட்கள் நாயுடுவின் பெருந்தன்மைக்கு உதாரணமாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அவரை எந்த வக்கீல் நோட்டீஸும் துரத்தவில்லை. சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டமே 1957இல்தான் வந்தது. சங்கமும் இல்லை, இணையமும் இல்லை. ஆனாலும் அடுத்தவர் மெட்டு தன் பெயரில் கிடப்பது ஒரு பாக்கி என்று சிங்காநல்லூர் ஸ்டூடியோவில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாக்கி தீராமல் இருந்திருந்தால், தமிழ்த் திரையிசையின் அடுத்த முப்பது ஆண்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

'வேண்டுமென்றே செய்யவில்லை, தானாக வந்துவிட்டது' என்பது அடுத்த சாக்கு. உண்மையிலேயே அப்படி நடக்கும். கிட்டார் கலைஞர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் நடக்கும். பயிற்சியில் ஆயிரம் முறை போன வழியிலேயே விரல் தூக்கத்திலும் போகும். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 'மை ஸ்வீட் லார்ட்' (1970) பாட்டுக்காக நீதிமன்றம் ஏறினார். சிஃபான்ஸ் குழுவின் 'ஹீ இஸ் சோ ஃபைன்' (1963) மெட்டோடு அது பொருந்தியது. ஹாரிசன் வேண்டுமென்று எடுத்தார் என்று 1976இல் நீதிபதி சொல்லவில்லை, ஆழ்மனத்திலிருந்து வந்திருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனாலும் உரிமை மீறல் மீறல்தான் என்று தீர்ப்பளித்தார். தெரியாமல் வந்தது என்பது முதல் நாளுக்குச் சரியான பதில். யாராவது சுட்டிக்காட்டிய மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது பதிலாகாது.

பெயரைச் சொன்னால் படைப்பு சின்னதாகிவிடும் என்று நினைப்பவர்கள் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டைக் (1986) கேட்க வேண்டும். தொகுப்பையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படி, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கத்தை எடுத்து அதன்மேல் தம் இசையைக் கட்டுகிறது. பாக் இறந்து இருநூறாண்டுக்கு மேலாகிறது, உரிமை கேட்க யாரும் இல்லை. இருந்தும் தலைப்பிலேயே பெயர் இருக்கிறது. அதனால் அந்தத் தொகுப்பை இளையராஜாவுடையது இல்லை என்று எவராவது சொன்னதுண்டா? கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்த தொகுப்புக்கு 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' (2006) என்று பெயர் வைத்தார். ஹென்ட்ரிக்ஸின் 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' தெரிந்த யாருக்கும் கடன் எங்கே வாங்கியது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். கடனைச் சொன்னதால் பிரசன்னாவின் கமகத்தில் ஒரு நூலிழைகூடக் குறையவில்லை.

மிச்சமிருப்பது சட்டம். 'தப்பென்றால் கோர்ட் பார்த்துக்கொள்ளாதா?' என்று கேட்கிறார்கள். கோர்ட் பார்ப்பது வேறு ஒன்றை. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை யுவன் சங்கர் ராஜா 'அகத்தியா' படத்துக்காக மறுஆக்கம் செய்தார், அப்பா இளையராஜா அனுமதி தந்திருந்தார். சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாட்டின் உரிமை தயாரிப்பாளர் வழியாகச் சரிகமவுக்குத்தான், இசையமைத்தவருக்கு அனுமதி கொடுக்கும் உரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் முதல்நோக்கில் கருதிய நீதிமன்றம், 30 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. சட்டத்தின் கணக்கு அது, அதை அங்கேயே விட்டுவிடலாம். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. பாட்டை உருவாக்கியவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர், கிட்டார் வாசித்தவர் மூன்றாமவர். மூன்றாமவரைப் பற்றி வழக்கில் யாருக்கும் அக்கறை இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் சட்டத்துக்கு இல்லை. உரிமை யாருக்கு என்று சட்டம் கேட்கும். யாருடைய வேலை என்று கேட்க வேண்டியது இசைத்துறையும் ரசிகனும்.

இளையராஜா விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அவர் முழு நோட்டையும் தாமே எழுதிக் கொடுப்பவர். டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்வு எழுதியவர், ஜி.கே. வெங்கடேஷிடம் கிட்டார் வாசித்தவர். ஆகவே 'இளைய நிலா'வின் கிட்டாரைச் சந்திரசேகர் இயற்றினார் என்று சொல்வது எதிர்ப்பக்கத்துத் தவறு. அவர் வாசித்தார். எழுதியது ஒரு கை, உயிர் கொடுத்தது ஒரு கை. ஆனால் எல்லா ஒலிப்பதிவுக்கூடமும் அப்படி நடப்பதில்லை. "இந்த இடத்துல ஏதாவது ஒண்ணு போடுங்க" என்று கார்டை மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திறந்துவிடும் இசையமைப்பாளர்களும் உண்டு. அங்கே கிட்டார்காரர் கையிலிருந்து அந்த நொடியில் பிறக்கும் பிட்தான் பாட்டின் அடையாளமாக ஊரெல்லாம் பரவும். அதற்குக் கிடைப்பது அன்றைய கால்ஷீட் சம்பளம். அடுத்தவர் பாட்டிலிருந்து எடுத்தால் கூச்சல் போடுகிற நாம், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எடுத்தால் அதைத் தொழில் முறை என்கிறோம். ஏ.ஆர். ரஹ்மான் தொண்ணூறுகளில் ஒலிநாடா, குறுந்தகடுகளின் உள்ளட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சடிக்கத் தொடங்கியபோது இது எவ்வளவு எளிதான காரியம் என்பது தெரிந்தது. பிறகு குறுந்தகடே போய்விட்டது. இன்றைய செயலிகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயரோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

அதே ரஹ்மான்தான் 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டுக்காக வழக்கில் நின்றார். பாடகர்களான ஜூனியர் தாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து எடுக்கப்பட்டது என்று குடும்பத்தார் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். படத்தில் தாகர்வாணி மரபைத் தழுவியது என்ற குறிப்பு இருந்தது, சகோதரர்களின் பெயர் இல்லை. 2025 ஏப்ரலில் தனி நீதிபதி பெயரைச் சேர்க்கவும் 2 கோடி ரூபாய் கட்டவும் சொன்னார். செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாடியவர் என்பதாலேயே இயற்றியவர் ஆகிவிட மாட்டார் என்பது அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று. சட்டப்படி அது வலுவான வாதமாக இருக்கலாம். ஆனால் 'மரபு' என்ற சொல் மனிதர்களின் பெயரை விழுங்கப் பயன்படுவது இது முதல் முறை இல்லை. ஆன் பிரெடன் உயிரோடு இருக்கும்போதே அவர் பாட்டு 'மரபு' ஆகியிருந்தது. நம் நாட்டுப்புற மெட்டுகளுக்கு நாள்தோறும் நடப்பதும் இதுதான். கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மாவின் பாட்டு 2020இல் 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் வந்தபோது, பாடகர், பாட்டெழுதியவர் இரண்டு இடத்திலும் அவர் பெயரைப் போட்டார்கள். 2022இல் தேசிய விருதும் அந்தப் பெயருக்கே வந்தது. 'பழங்குடிப் பாட்டு' என்று போட்டு முடித்திருந்தால் விருதுக்குழு யாரைக் கூப்பிட்டிருக்கும்?

இந்தியச் சட்டமும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது. 2012 திருத்தத்தில் 38பி என்ற பிரிவு வந்தது. இசை நிகழ்த்துபவர் 'இதை வாசித்தவன் நான்' என்று அடையாளம் கோரும் உரிமை அதில் இருக்கிறது. அதே திருத்தம் 'நிகழ்த்துபவர்' என்பதன் விளக்கத்தில் ஒரு வாலையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக அல்லது இடையே வந்துபோவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவருக்கு எங்கும் பெயர் போடுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். அவர் வாசித்ததைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். பெயர் கேட்கும் உரிமை போய்விடும். பெயர் போடாத வழக்கத்தை வைத்தே பெயர் போடாமையைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். 'இளைய நிலா'வின் கிட்டாரைத் தற்செயலானது என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார் என்று நம்பலாம். ஆனால் ஒலிப்பதிவுக்கு ஒருநாள் வந்துபோகும் கலைஞர், படக் கம்பெனியின் வக்கீலை எதிர்த்து அதை நிறுவும்வரை நீதிமன்றத்தில் நிற்க வசதி இருக்க வேண்டும்.

அந்த வாலை வெட்டுவது நாடாளுமன்றத்தின் வேலை. பாட்டுக்குப் பாட்டு யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று செயலியில் ஏற்றுவது இசை நிறுவனத்தின் வேலை, அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கச்சேரி மேடையில் 'இளைய நிலா' தொடங்குமுன் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களைச் சொல்லும் தொகுப்பாளர், நாலாவதாகச் சந்திரசேகர் என்ற பெயரைச் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 'ஓராயிரம் பார்வையிலே'க்கு ரவியின் பெயரையும் அதே மூச்சில் சொல்லலாம்.